ரயீஸ் வீட்டம்மாவின் இடம்

ஓட்டு எண்ணி முடித்து, ஜௌஃபர் ஒன்பது ஓட்டில் ஜெயித்துவிட்டார் என்று பள்ளிக்கூடத்து ஒலிபெருக்கி சொன்னபோது, அவர் மனைவி மூமினா கடற்கரையில் மாசிக் கருவாட்டை வெயிலுக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்க ஓடிவந்து செய்தி சொன்ன நாத்தனார் ரஸியாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒன்பதுதானா? அப்ப நம்ம சொந்தத்துலயே யாரோ மாத்திப் போட்டிருக்காங்க. உன் புருஷன் கை சும்மா இருந்துச்சா?"

ஹுதுவெலித் தீவில் மூமினா ரயீஸ் வீட்டம்மா ஆன கதை இப்படித்தான் தொடங்கியது. நாட்டை ஆளும் ஜனாதிபதியும் அங்கே ரயீஸ்தான், தொண்ணூற்றோரு வீடுள்ள ஒரு தீவின் கவுன்சில் தலைவரும் ரயீஸ்தான். முன்னவருக்குத் தலைநகர் மாலேயில் மாளிகை இருக்கிறது. பின்னவருக்குத் தகரக் கூரை போட்ட அலுவலகமும், ஓடினால் நடுங்குகிற ஒரு மின்விசிறியும் இருந்தன.

அவர் மனைவிக்கு அதுவும் கிடையாது. வேலை மட்டும் உண்டு. ரிசார்ட்டுக்கு வேலைக்குப் போன கணவன் நான்கு மாதமாகப் போனை எடுப்பதில்லை என்று ஒருத்தி வருவாள். மூமினா அந்த ரிசார்ட்டின் சமையற்கட்டுக்குப் போன் போட்டு, வெங்காயம் உரிக்கிறவனிடம் குசலம் விசாரித்து, அவன் மூலம் இவனைப் பிடித்துவிடுவாள். குடிநீர்த் தொட்டியில் பல்லி விழுந்துவிட்டது என்று ஒருவர் வருவார். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பெண்கள் ஈர்க்குமாறு எடுத்து மணல் தெருக்களைப் பெருக்கும்போது, எதிர்க்கட்சியான நீலக் கட்சிக்காரர்களின் சந்தில் பெருக்க, ஜௌஃபரின் பச்சைக் கட்சிப் பெண்கள் யாரும் போக மாட்டார்கள். அந்தச் சந்து முழுவதையும் அவள் தனியாகப் பெருக்குவாள். அந்த வீடுகளின் வாசலில் நின்ற பெண்கள் அவளைப் பார்த்து உள்ளே போய்விடுவார்கள். அவள் பெருக்கிக்கொண்டே போவாள்.

அவ்வளவு சின்னத் தீவில் கட்சி இரண்டு. அதனால் டீக்கடை இரண்டு, பந்து மைதானம் இரண்டு. வீட்டுச் சுவர்கூடப் பச்சை அல்லது நீலம். இறந்தவர்களைப் புதைக்கும் மையவாடி மட்டும் ஒன்று, அதைப் பிரிக்க இடம் போதவில்லை.

மூமினாவிடம் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ரகசியம் அவள் வயிற்றில் தங்காது. சீட்டாட்டத்தில் கூசாமல் கள்ளம் செய்வாள். மேடைப் பேச்சு சுத்தமாக வராது. ஜௌஃபர் பதவியேற்ற முதல் மாதம் பள்ளி விழாவில் அவளைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றவளுக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. "எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அன்று விழாவில் சாப்பாடே ஏற்பாடு செய்திருக்கவில்லை. வீட்டுக்கு ஓடி, இருநூறு ரொட்டி சுட்டு, தேங்காயும் மாசியும் பிசைந்து கொண்டுவந்து போட்டாள். சொன்ன சொல்லை அன்றே நிறைவேற்றிய ஒரே பேச்சு அதுதான் என்று டீக்கடையில் இன்றும் சொல்கிறார்கள். நீலக் கட்சி டீக்கடையிலும்.

அவளுக்கு ஒரே ஒரு விஷயத்தில் தூக்கம் கெட்டுப்போனது. தீவில் பிரசவம் பார்க்க ஆள் இல்லை. சுகாதார நிலையத்தில் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கவும் காயத்துக்குக் கட்டுப் போடவும் ஒருவர் இருந்தார். மருத்துவச்சி இல்லை. வலி வந்தால் தோணி ஏறி மூன்று மணி நேரம், காற்று எதிர்த்தால் ஐந்து மணி நேரம். ஜௌஃபர் எழுதிய விண்ணப்பங்களுக்கெல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்றே பதில் வந்தது. இப்போது பாலர் பள்ளி ஆசிரியை ஸஜ்னாவுக்கு ஆறு மாதம். ஜூலையில் பிள்ளை பிறக்கும். ஜூலையில் தென்மேற்குக் காற்று அந்தக் கடலை எப்படிப் புரட்டும் என்று தீவில் எல்லோருக்கும் தெரியும். அதைவிட நன்றாக அதீலாவுக்குத் தெரியும்.

அதீலா, தேர்தலில் ஜௌஃபரிடம் தோற்ற நீலக் கட்சி ஷஹீமின் மனைவி. சிறு வயதில் மூமினாவின் பின்னாலேயே "அக்கா, அக்கா" என்று அலைந்தவள். தேர்தலுக்குப் பிறகு பேச்சில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால், காற்றுக் காலத்தில், அவளைத் தோணியில் ஏற்றினார்கள். திரும்பி வரும்போது அவள் மடி காலியாக இருந்தது.

ஏப்ரல் மாதத்தில் சேதி வந்தது. நாட்டின் ரயீஸ் மனைவி, புதிய பாலர் பள்ளிக் கட்டடத்தைத் திறந்துவைக்க வருகிறார். கூடவே மாலேயிலிருந்து நாஃபிஸ் என்ற இளம் அதிகாரி, யார் எங்கே நிற்க வேண்டும் என்று பட்டியல் கொண்டுவந்தான். படகுத்துறையில் வரவேற்கக் கவுன்சில் உறுப்பினர்களும் பூக்கொத்தோடு குழந்தைகளும். விருந்தில் விருந்தாளிக்கு வலப்பக்கம் கவுன்சில் ரயீஸின் மனைவி.

"சாப்பாடு பெட்டியில கட்டி ரிசார்ட்லேருந்து வந்துடும் அக்கா. நீங்க சிரமப்பட வேணாம்," என்றான்.

"தம்பி, எங்க தீவுக்கு வர்ற விருந்தாளி பெட்டிச் சோறு தின்னுட்டுப் போனா, பக்கத்துத் தீவுக்காரன் நூறு வருஷம் சிரிப்பான். வீட்டுக்கு வீடு ஒரு தட்டு வரும். அது வழக்கம். பந்தி பொம்பளைங்க பந்தி. அதுவும் வழக்கம்."

"அப்ப நான்?"

"நீ வெளியில உக்காந்து அந்தப் பெட்டியைத் தின்னு."

வழக்கம் என்று அவள் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் வேறு. படகுத்துறையில் மனுக் கொடுத்தால் அதிகாரி வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வான். பெண்கள் பந்தியில் அதிகாரி இல்லை, புகைப்படக்காரன் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். ஒரு மணி நேரம் அந்த அம்மாள் தரையில் பாய்மேல், கையில் சோற்றோடு உட்கார்ந்திருப்பார். அந்த ஒரு மணி நேரத்தில் கேட்க வேண்டும். ஆனால் யார் கேட்பது? மூமினா கேட்டால் கடைசியில் "எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றுதான் முடியும். கேட்க உரிமையுள்ளவள் ஒருத்திதான். அவள் நீலச் சுவருக்குப் பின்னால் இருந்தாள். வருகிற விருந்தாளியோ பச்சைக் கட்சி ரயீஸின் மனைவி. நீல வீடுகளிலிருந்து ஒரு தட்டும் போகக் கூடாது என்று ஷஹீம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தான்.

மதியத் தொழுகைக்கு ஆண்கள் போயிருந்த நேரம் பார்த்து மூமினா அதீலாவின் வீட்டுக் கொல்லைப் பக்கமாக உள்ளே போனாள். அதீலா சீமைப்பலா சீவிக்கொண்டிருந்தாள்.

"யாரு, ரயீஸ் வீட்டம்மாவா? வழி தவறி வந்துட்டீங்களோ? உங்க தெரு அந்தப் பக்கம்."

"வழி தெரிஞ்சுதான் வந்தேன். உக்காரச் சொல்ல மாட்டியா?"

"உங்களுக்குத் தீவெல்லாம் நாற்காலி. நான் சொல்லித்தான் உக்காரணுமா?"

மூமினா உரல்மேல் உட்கார்ந்தாள். ஒரு துண்டு சீமைப்பலாவை எடுத்து அவளும் சீவத் தொடங்கினாள். அதீலா தடுக்கவில்லை.

"நாளை மறுநாள் பந்திக்கு நீ வரணும்."

"எதுக்கு? நீலக் கட்சிக்காரி உங்க பந்தியில சாப்பிட்டாள்னு போட்டோ போடவா?"

"மருத்துவச்சி கேக்க."

அதீலாவின் கத்தி நின்றது.

"நான் அழணும், அதைக் காட்டி உன் புருஷன் ஓட்டு வாங்கணும். அதானே?"

"அழ வேணாம். அந்தம்மா எதாவது கேட்டா, நடந்ததைச் சொல்லு. அவ்வளவுதான். ஸஜ்னாவுக்கு ஜூலை மாசம், அதீலா. அவ நம்ம ரெண்டு கட்சியிலயும் இல்ல, அவ வயித்துல இருக்கறதுக்கும் கட்சி இல்ல."

அதீலா இன்னொரு துண்டை எடுத்துச் சீவினாள்.

"வந்தா எங்க உக்காருவேன்? கதவோரம் செருப்புக்குப் பக்கத்துலயா?"

"என் இடத்துல. அந்தம்மாவுக்கு வலப்பக்கம்."

அதீலா முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப நீ?"

"நான் சோறு போடுவேன். சோறு போடறவளை எந்தப் பட்டியலும் தடுக்காது."

"ஜௌஃபருக்குத் தெரியுமா?"

"பந்தி முடிஞ்சா தெரியும்."

"எங்க வீட்டுக்காரர் என்னைக் கொன்னே போட்டுடுவாரு."

"அவரா? அவருக்குச் சூரை மீனோட செவுளைக் கிள்ளவே கை நடுங்கும். போ."

அதீலாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்கப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

விருந்து நாளில் காலை பத்து மணிக்குப் பெண்கள் மண்டபத்தில் பச்சை வீடுகளின் தட்டுகள் வந்துவிட்டன. பொரித்த மீன், எலுமிச்சை பிழிந்த கீரை, தேங்காய்ச் சோறு, மீன் ரசம். ஒவ்வொரு தட்டின் அடியிலும் நகப்பூச்சால் ஒரு குறி, எந்த வீட்டுத் தட்டு எது என்று பிறகு சண்டை வராமல் இருக்க. மூமினா தட்டுகளை அடுக்கினாள், வாசலைப் பார்த்தாள், மறுபடி அடுக்கினாள். படகுத்துறையில் பறைச் சத்தம் கேட்டது. விருந்தாளி இறங்கிவிட்டார்.

அப்போதுதான் அதீலா வந்தாள். நீலத்திலேயே உடுத்தியிருந்தாள். கையில் மூடிய தட்டு. அவள் பின்னால் இன்னும் முப்பது பெண்கள், எல்லோர் கையிலும் தட்டு.

"தனியா வந்து இந்தப் பச்சைக் கூட்டத்துக்கு நடுவுல உக்காருவேன்னு நினைச்சியா?" என்றாள்.

"எங்க வைக்கிறது இத்தனையும்!" என்று ரஸியா தலையில் கைவைத்தாள்.

"உன் தலையில வை," என்று யாரோ சொன்னார்கள். மண்டபம் சிரித்தது. தேர்தலுக்குப் பிறகு அந்தப் பெண்கள் ஒரே இடத்தில் சிரித்தது அதுதான் முதல் தடவை.

எல்லாவற்றையும் யோசித்திருந்த மூமினா ஒன்றை மட்டும் மறந்துவிட்டாள். அந்த இடத்துக்கு முன்னால் நாஃபிஸ் ஓர் அட்டையை மடித்து நிறுத்தியிருந்தான். 'கவுன்சில் ரயீஸின் மனைவி' என்று தங்க எழுத்தில் அச்சிட்டது.

விருந்தாளி அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, பாயில் சுலபமாகக் கால் மடித்து உட்கார்ந்தார். புகைப்படக்காரன் இரண்டு படம் எடுத்துக்கொண்டு வெளியேறினான். அம்மாள் அட்டையைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்கதான் ரயீஸ் வீட்டம்மாவா?"

மண்டபத்தில் அறுபது எழுபது பெண்கள் இருந்தார்கள். அதீலா அட்டையை இப்போதுதான் பார்த்தாள். சோற்றுப் பாத்திரத்தோடு நின்ற மூமினாவைப் பார்த்தாள். ரஸியா வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் இடம் மாற்ற வேண்டும், விளக்கம் சொல்ல வேண்டும், வெளியிலிருந்து நாஃபிஸைக் கூப்பிட வேண்டும். ஒரு மணி நேரம் அதிலேயே கரைந்துவிடும். மூமினா குனிந்து ரஸியாவின் தட்டில் ஒரு பெரிய கரண்டிச் சோற்றைக் கொட்டினாள்.

"ஆமாம்மா, அவங்கதான்," என்றாள்.

ரஸியாவுக்குப் புரையேறியது. பக்கத்தில் இருந்த நீலக் கட்சிப் பெண் அவள் முதுகில் தேவைக்கு அதிகமாகவே தட்டினாள். மற்றவர்கள் குனிந்து சோற்றைப் பிசைந்தார்கள்.

"எத்தனை பிள்ளைங்க?" என்று அம்மாள் சாதாரணமாகக் கேட்டார்.

"மூணு பெத்தேன். ரெண்டு இருக்கு," என்றாள் அதீலா.

அம்மாள் சாப்பிடுவதை நிறுத்தினார். பிறகு அதீலாவைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. சாயங்காலம் தோணி ஏறியது, பாதி வழியில் எந்திரத்தில் தண்ணீர் புகுந்தது, தார்ப்பாய்க்கு அடியில் மாமியார் மட்டும் கையைப் பிடித்திருந்தது, எல்லாவற்றையும் வேறொருத்தியின் கதைபோலச் சொன்னாள்.

"பிறந்த இடம்னு படிவத்துல கேட்டிருந்துச்சு. ரெண்டு தீவுக்கும் நடுவுல, தண்ணிமேல. கடல்னு எழுதினேன். அப்படியெல்லாம் எழுதக் கூடாதுன்னு எழுத்தர் அடிச்சிட்டாரு."

அம்மாள் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டார். "அடுத்தது யாருக்கு?"

மூமினா ஸஜ்னாவின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "ஜூலைல," என்றாள் ஸஜ்னா. அம்மாள் அந்த அட்டையை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக்கொண்டார். பெயர், மாதம், தீவு. பிறகு, "ரயீஸ் வீட்டம்மா பேரு?" என்றார்.

"அதீலா," என்று மண்டபமே சொன்னது.

மூன்றாம் நாள் செய்தித்தாளில் படம் வந்தது. நாட்டின் ரயீஸ் மனைவியும், பக்கத்தில் ஹுதுவெலி கவுன்சில் ரயீஸ் ஜௌஃபரின் மனைவி அதீலாவும். பின்னால் கலங்கலாகத் தெரிந்த ஒரு சோற்றுப் பாத்திரம்தான் மூமினா.

ஜௌஃபர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "என் பொண்டாட்டி யாருன்னு நாட்டுக்கே தெரிஞ்சுபோச்சு. எனக்குத்தான் இத்தனை நாளாத் தெரியல."

"அழகாத்தானே இருக்கா. உங்களுக்கு என்ன குறை?" என்றாள் மூமினா.

அன்று மாலையே ஷஹீம் வந்துவிட்டான். மூன்று வருடமாக மிதிக்காத வாசல்.

"ஜௌஃபர், இது நல்லா இல்ல. ரிசார்ட்ல வேலை செய்யற என் தம்பி போன் பண்ணி, 'அண்ணி எப்ப கட்சி மாறினாங்க'ன்னு கேக்கறான். பத்திரிகைக்கு எழுது. திருத்தம் போடச் சொல்லு."

"எனக்கு மட்டும் ஆசையா? எங்க கட்சிக்காரன் என்னைப் பாத்து, 'ரெண்டாவது கல்யாணத்துக்கு விருந்து எப்போ'ங்கறான். உக்காரு, சேந்தே எழுதுவோம்."

இரண்டு ஆண்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினார்கள். தீவில் இதைப் பார்க்க வேலிக்கு வெளியே ஒரு கூட்டம் கூடிவிட்டது. கடிதம் முடியும் நேரத்தில் மூமினா வந்து தாளை எடுத்து மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மருத்துவச்சி வர்ற வரைக்கும் யாரும் எதையும் திருத்த வேணாம்."

"மூமினா, என் மானம் போகுது!"

"போகட்டும். இப்போ திருத்தினா, அப்ப அங்க பேசினது யாரு, எதுக்குப் பொய் சொன்னீங்கன்னு கேள்வி வரும். கேள்வி வந்தா காகிதம் பரிசீலனைக்குப் போகும். பரிசீலனைக்குப் போனா ஜூலை வந்துடும். உங்க ரெண்டு பேர் மானத்தையும் சேத்து வச்சாலும் தோணியில அஞ்சு மணி நேரத்துக்குத் தாங்காது."

அதீலாவைத் தோணி ஏற்றிய அந்தச் சாயங்காலம் ஷஹீமுக்கும்தான் நினைவிருந்தது. எழுந்து போய்விட்டான்.

அதற்குப் பிறகு பத்து வாரம், காகிதத்தில் அதீலாதான் ஜௌஃபரின் மனைவி. மே கடைசியில் அமைச்சகத்திலிருந்து கடிதம் வந்தது. 'மதிப்புக்குரிய கவுன்சில் ரயீஸின் துணைவியார் அதீலா அவர்களுக்கு' என்று தொடங்கியது. மருத்துவச்சி தங்க வீடு உறுதி செய்து கையெழுத்திட்டு அனுப்பவும் என்று முடிந்தது. அதீலா கையெழுத்துப் போட்டாள். வீடு கொடுத்தது ஷஹீம்தான், தன் தம்பிக்காகக் கட்டிய புது அறை. அறையின் சுவர் நீலம். பச்சைக் கட்சிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "அதுக்குள்ள எங்க ஆட்சியில வரப்போற மருத்துவச்சியை உங்க சுவருக்குள்ள வச்சுட்டீங்களே," என்று ரஸியா சண்டைக்குப் போனாள். மூமினா ஒரு வாளி வெள்ளைச் சுண்ணாம்பு வாங்கிக் கொடுத்து, அவள் கையாலேயே அந்தச் சுவரை அடிக்க வைத்தாள்.

ஜூன் பாதியில், சரக்குத் தோணியில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மருத்துவச்சி வந்து சேர்ந்தாள். தெற்குத் தீவுக்காரி, பருத்த உடம்பு, உரத்த குரல். இறங்கியதும், "ரயீஸ் வீட்டம்மா அதீலா யாரு?" என்று கேட்டாள். படகுத்துறை முழுக்க நின்ற ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதீலா முன்னால் போய் அவள் பெட்டியை வாங்கிக்கொண்டாள். மற்றொரு பெட்டியை மூமினா தூக்கிக்கொண்டாள்.

ஜூலை ஒன்பதாம் தேதி காற்று தொடங்கி மூன்று நாளாயிற்று. ஒரு தோணியும் துறையை விட்டு நகரவில்லை. பாறைத் திட்டுக்கு அப்பால் கடல் வெள்ளையாக நின்றது. காலை எட்டு மணிக்கு ஸஜ்னாவுக்கு வலி எடுத்தது. சுகாதார நிலையத்தின் வெளியே மழையில் இரண்டு கட்சியும் நின்றன, நடுவில் வழக்கமான இடைவெளி விட்டு. அதீலா வரமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் வந்து, யாரையும் பார்க்காமல், மூமினாவுக்குப் பக்கத்தில் நின்றாள். உள்ளேயிருந்து சத்தம் வரும்போதெல்லாம் அவள் விரல்கள் மூமினாவின் மணிக்கட்டில் அழுந்தின. மூமினா கையை எடுக்கவில்லை.

பதினோரு மணிக்குப் பிள்ளை அழும் சத்தம் கேட்டது. மருத்துவச்சி ஜன்னலைத் திறந்து, "பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. வெந்நீர் போதும், இனிமே யாரும் கொண்டாராதீங்க!" என்று காற்றுக்கு மேலே கத்தினாள்.

மூமினா ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முக்காடு நழுவியது, மழையில் முகம் நனைந்தது, அவள் எதையும் சரிசெய்துகொள்ளவில்லை.

"எந்திரி அக்கா," என்று அதீலா அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். "ஊரே பாக்குது."

"பாக்கட்டும். காகிதப்படி இன்னும் நீதானே ரயீஸ் வீட்டம்மா. நீ நேரா நில்லு."

அதீலா நேராக நின்று பார்த்தாள், முடியவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.